முழுப் பட்டியல் எங்கே?

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், க்யூசி என்கிற தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். விடுமுறை நாட்களில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போவேன். அங்கே புத்தக விவரமெல்லாம் சிறு அட்டைகளில் எழுதி, மர அலமாரியின் இழுப்பறைகளில் அடுக்கியிருக்கும். நூலகர் அக்கா அதை அட்டைப் பட்டியல் என்பார். கணினி வந்ததும் அது இணைய நூற்பட்டியல் ஆனது. சென்ற ஆண்டு புது மென்பொருள் வந்து, கண்டறிதல் தளம் ஆகிவிட்டது.

பெயரிலிருந்து பட்டியல் போனதுதான் என்னை உறுத்தியது. பட்டியல் என்றால் மேலிருந்து கீழே பார்த்து, எது விடுபட்டது என்று சொல்லிவிடலாம். இந்தத் தளத்தில் இருப்பது ஒரு வெற்றுக் கட்டம். கேட்டால்தான் பதில் வரும். கேட்கத் தோன்றாத புத்தகம் உள்ளே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மென்பொருள் பொருத்த வந்தவர் அக்காவிடம் ஒரு படிவத்தை நீட்டினார். எல்லாப் புத்தகமும் ஏறிவிட்டதாக அக்கா கையெழுத்திட வேண்டும். பிறகு அட்டைகள் பழைய பேப்பருக்குப் போகும். அதற்கப்புறம் எது காணாமல் போனாலும் அக்காதான் பதில் சொல்லவேண்டும்.

உள்வரும் சரக்கைச் சோதிப்பதுபோல் இருபது அட்டைகளை அங்கங்கே உருவி, அந்தப் புத்தகங்களைத் தளத்தில் தேடிப் பார்த்தேன். நான்கு கிடைக்கவில்லை.

"இருக்கும் மேடம். நீங்க தேடுற வார்த்தை சரியில்ல" என்றார் அவர்.

முழுப் பட்டியலை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன்.

"அதெல்லாம் இப்ப யாரும் கேக்கறதில்லீங்க."

அவர் போனதும் அக்கா, "இன்னாம்மா பண்றது, போட்டுடவா?" என்றார்.

சந்தேகமான சரக்கின்மேல் நாங்கள் 'ஹோல்ட்' என்று மஞ்சள் சீட்டு ஒட்டுவோம். ஒட்டியவர் எடுக்கும்வரை யாரும் அதை நகர்த்தக்கூடாது. என் பையில் இருந்த ஒன்றை அலமாரியில் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பாதி விளையாட்டுதான்.

மறுநாள் பழைய பேப்பர்காரர் வண்டியோடு வந்துவிட்டார். அக்கா கையெழுத்திடும் முன்பே அவரை வரச்சொன்னது யார்? மென்பொருள்காரர்தான். கூடவே வந்திருந்தார். ஆனால் பேப்பர்காரர் தொழிற்சாலைகளில் கழிவு எடுத்துப் பழகியவர். சீட்டைப் பார்த்ததும் பின்வாங்கிவிட்டதாக அக்கா சொன்னார்.

"ஹோல்ட் போட்டுக்கீது. க்யூசி சொல்லாம தொடமாட்டேன். ஒருவாட்டி தொட்டுட்டு ஆறு மாசம் கம்பெனி கேட்டாண்டயே விடல என்னை" என்றாராம். மென்பொருள்காரர் வற்புறுத்தியபோது, "நீ யாருப்பா, ஸ்டோர்ஸா?" என்று, சரக்குக் கிடங்கு ஆளைக் கேட்பதுபோல் கேட்டிருக்கிறார்.

அக்கா இன்னும் கையெழுத்திடவில்லை. இருவரும் ஒவ்வோர் அட்டையாகத் தேடி, கிடைக்காததை நோட்டில் எழுதுகிறோம். இரண்டு இழுப்பறை முடிந்திருக்கிறது. திங்கள்தோறும் மென்பொருள்காரர் போன் செய்து, வேலை முடிந்ததா என்று அன்பாக விசாரிக்கிறார். எத்தனை புத்தகம் கிடைக்கவில்லை என்று மட்டும் இதுவரை கேட்கவில்லை.