முழங்கையைத் தொட்ட கை

எனக்கு வாய் ஜாஸ்தி என்று சிதம்பரத்தில் எங்கள் தெருவே சொல்லும். ஆனால் அறுபதுகளில் கடலூருக்கு நர்ஸ் படிப்புக்குப் போன புதிதில் அந்த வாயிலிருந்து வந்ததெல்லாம் "புரிஞ்சுது சிஸ்டர்" ஒன்றுதான். புரிந்தாலும் அதுதான், புரியாவிட்டாலும் அதுதான். என்னோடு சேர்ந்த பெண்கள் எல்லோரும் அப்படித்தான். பாடம் முடிந்ததும் டியூட்டர் சிஸ்டர் "புரிஞ்சுதா?" என்பார். நாங்கள் ஒரே குரலில் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டு மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். புரியவில்லை என்று சொன்னால், உங்களுக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்று பெரியவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்தத் துணிச்சல் யாருக்கு உண்டு?

டியூட்டர் சிஸ்டர் என்றால் எங்களுக்குப் பாடம் நடத்திய மூத்த நர்ஸ். கன்னியாஸ்திரி இல்லை. கடலூர் பழைய பட்டணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்மணி, முப்பத்தைந்து வயதிருக்கலாம். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தித் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். எங்கள் வீட்டில் திட்டிலேயே விஷயம் முழுக்க வந்துவிடும், இன்ன தப்பு, இன்ன அடி என்று. இவரோ நோயாளிக்கு முன்னால் மாணவியின் தப்பை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்கிற கொள்கை உடையவர். சொன்னால் படுத்திருப்பவர் பயந்துவிடுவாராம். அது நியாயம்தான். ஆனால் வார்டை விட்டு வெளியே வந்த பிறகும் சொல்ல மாட்டார். தன் தப்பைத் தானே கண்டுபிடித்தால்தான் மனதில் நிற்கும் என்று அவருக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

எனக்கு அங்கே ஆறு மாதக் கெடு இருந்தது. அந்த நாளில் முதல் ஆறு மாதம் பார்ப்பார்கள். சரிப்பட்டால் வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பாவுக்குக் கீழ சன்னதியில் பூஜைச் சாமான் கடை. என்னை பஸ் ஏற்றும்போதே சொல்லிவிட்டார்.

"அவுங்க வச்சிக்கிட்டா படி. திருப்பி அனுப்பிட்டா மாமாவுக்குக் கட்டி வச்சிடுவேன். அப்பறம் மூஞ்சத் தூக்கி வச்சிக்கக் கூடாது."

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதிர்ந்து பேச மாட்டார், எங்கள் வீட்டுக்கு வந்தால் வெறுங்கையோடு வர மாட்டார். ஆனால் எனக்கு ஆஸ்பத்திரி பிடித்துப்போய்விட்டது. காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்த ஒரு பெண், ஜுரம் இறங்கிக் கண்ணைத் திறந்து என்னிடம் தண்ணீர் கேட்டாள். அந்த டம்ளரை அவள் வாயில் வைத்தபோது, இனி எனக்கு வேறு வேலை வேண்டாம் என்று தோன்றியது.

சிக்கல், புண்ணுக்குக் கட்டு மாற்றும் வேலையில் வந்தது. கொதிக்க வைத்த கத்தரியும் இடுக்கியும் தட்டில் இருக்கும். டியூட்டர் சிஸ்டர் புண்ணைத் துடைப்பார். நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அவர் கேட்பதை எடுத்துக் கொடுக்க வேண்டும். கழுவின கை தட்டிலிருப்பதைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. இது பாடம். எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன்.

முதல் நாள் இடுக்கியைக் கொடுத்தேன். சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"போய் மறுபடியும் கை கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தேன். கத்தரியைக் கொடுத்தேன். "போய்க் கழுவிட்டு வா." அன்றைக்கு அந்த ஒரு புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் குழாயடிக்கும் கட்டிலுக்குமாக நடந்தே கால் ஓய்ந்துவிட்டது. முடிவில் வராந்தாவில் நிறுத்தி, "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சிஸ்டர்" என்றேன். ஒரு மண்ணும் புரியவில்லை.

நகத்தை ஒட்ட வெட்டினேன். வளையலைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். கார்பாலிக் சோப்பைத் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்தது. மறுநாளும் அதே கதை. என் அறைத்தோழி தேவனாம்பட்டினத்துப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண். அவளுக்குக் குழந்தைகள் வார்டு, கட்டுப் போடும் வேலை இன்னும் வரவில்லை. அவளிடம் சொல்லி அழுதேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மரியாத பத்தலன்னு நெனைக்கிறாங்களோ இன்னாமோ. இன்னும் கொஞ்சம் பணிஞ்சு குடுடி."

அது எனக்கும் சரியென்று பட்டது. மறுநாளிலிருந்து இன்னும் குனிந்து, இன்னும் பணிவாகக் கொடுத்தேன். சிஸ்டரின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. பிறகு என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் கூப்பிட்டு, அப்பாவுக்குக் கடுதாசி போட்டாயிற்று, சனிக்கிழமை வந்து அழைத்துப் போவார் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். திருடினவனுக்குக்கூட என்ன திருடினான் என்று சொல்லித்தானே தண்டனை கொடுக்கிறார்கள்?

சனிக்கிழமை காலையிலும் வார்டு வேலை உண்டு. நெல்லிக்குப்பத்துப் பெரியவர் ஒருவர், கரும்பு வெட்டும்போது காலில் வெட்டிக்கொண்டு வந்து படுத்திருந்தார். அவருக்குக் கட்டு மாற்ற வேண்டும். இடுக்கியைக் கொடுத்தேன்.

"போய்க் கழுவிட்டு வா."

போகப்போகிறவளுக்கு என்ன பயம்? நான் நகரவில்லை.

"என்ன தப்புன்னு சொல்லுங்க சிஸ்டர், அப்பறம் கழுவறேன். கழுவிக் கழுவித் தோலே போயிடுச்சு. இனிமே கழுவறதுக்கு எலும்புதான் பாக்கி."

நெல்லிக்குப்பத்துப் பெரியவர், "அதானே, இன்னான்னு சொன்னாத்தானே அந்தப் பொண்ணுக்கும் தெரியும்" என்று முனகிவிட்டுத் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

சிஸ்டர் என் கைகளைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்த மாதிரி பார்த்தார்.

"நிஜமாவே தெரியாதா உனக்கு?"

"தெரிஞ்சா செய்வேனா?"

"எதையாவது குடுக்கறப்ப இடது கையால வலது முழங்கையத் தொடறியே. கழுவின கை. அந்த முழங்கை சுவத்துலயும் கட்டில்லயும் பட்டது. அப்பறம் அந்த இடது கைதான் திரும்பத் தட்டுல படுது."

நான் தொடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து கடையில் நின்றவள் நான். கற்பூரமோ வெற்றிலையோ, வலது கையால் கொடுத்து, இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொள்ள வேண்டும். மறந்தால் அப்பாவின் குட்டு விழும். மூச்சு விடுகிற மாதிரி அது. யாராவது மூச்சைக் கவனிப்பார்களா?

"மரியாதைக்குத் தொடறது சிஸ்டர். பெரியவங்களுக்கு ஒத்தக் கையால நீட்டக் கூடாதுன்னு எங்க வீட்டுல."

"மரியாதைன்னு எனக்கும் தெரியும்" என்றார் சிஸ்டர். "எங்க வீட்டுலயும் உண்டுதான். ஆனா தப்புன்னு புரிஞ்சுதான்னு தினம் கேட்டேன். புரிஞ்சுதுன்ன. மறுநாள் இன்னும் ஜாஸ்தியா குனிஞ்சு, இன்னும் நல்லாப் புடிச்சிக்கிட்டுக் குடுத்த. நீ வேணும்னே என்னக் கிண்டல் பண்றதா நெனச்சேன்."

பணிவு காட்டக் காட்ட என்னைத் திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டியிருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கழுவிவிட்டு வந்தேன். இடது கையைத் தட்டோரத்தில் அசையாமல் வைத்துக்கொள்வது, அழுகிற குழந்தையை மடியில் பிடித்து வைக்கிற பாடாக இருந்தது. வைத்துக்கொண்டேன். கட்டு ஒரே தடவையில் முடிந்தது.

மத்தியானம் அப்பா வந்துவிட்டார். கூடவே மாமாவும், பெட்டி தூக்க. என் தகரப்பெட்டி ஏற்கெனவே விடுதி வாசலுக்கு வந்திருந்தது. டியூட்டர் சிஸ்டர் மேட்ரன் அறையிலிருந்து வந்தார். சாப்பிட்டிருக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பொண்ண அனுப்பச் சொன்னது நான்தான்" என்று அப்பாவிடம் சொன்னார். "தப்பு எதுன்னு அவகிட்ட சொல்லாம விட்டதும் நான்தான். மேட்ரன்கிட்ட பேசிட்டேன், வச்சிக்கலாம்னு சொல்லிட்டாங்க."

வாத்தியார் ஒருவர் தப்பு தன்னுடையது என்று சொல்லி அப்பா கேட்டதே கிடையாது. என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "கல்யாணம் எல்லாம் பேசி முடிச்சாச்சேம்மா" என்று இழுத்தார்.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. இருக்கியா, போறியா?"

வீட்டிலும் சரி, பள்ளிக்கூடத்திலும் சரி, பெரியவர்கள் என்னிடம் கேள்வி கேட்டால் பதிலை முன்கூட்டியே கையில் வைத்திருப்பார்கள். நான் அதைத் திருப்பிச் சொன்னால் போதும். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அவர் அவசரப்படுத்தாமல் நின்றார். அப்பா கனைத்தபோதுகூட அவர் பக்கம் திரும்பவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்கேன் சிஸ்டர்" என்றேன்.

அப்பா ஏதோ சொல்லப் போனார். அதற்குள் மாமா குனிந்து என் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "எந்த ரூமுங்க?" என்று சிஸ்டரிடம் கேட்டார்.