நெல்பா திறக்கச் சொன்னார்

“யாருப்பா நீ? உனக்கு இங்க என்ன வேலை?” நெல்பா சுனினோ கணினித் திரையைத் திட்டிக்கொண்டிருக்கிறார். கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுக்கை. சர்வரின் கதவைத் தட்டியவர்களின் முகவரிகள் திரையில் வரிவரியாக ஓடுகின்றன. வரிக்கு ஓர் உறிஞ்சல், ஒரு வசவு.

மான்டேவிடியோ துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் அவரும் வாஷிங்டன் பின்தோஸும் உருவாக்கிப் பராமரிக்கும் லினக்ஸுக்கு ‘செர்ரோஹோ’ என்று பெயர். அவர்கள் மொழியில் தாழ்ப்பாள் என்று அர்த்தம். அதை நிறுவினால் சர்வரில் எல்லாமே மூடியிருக்கும். வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ள வேண்டும். உள்நாட்டு ஆஸ்பத்திரிகள் சில அதை நம்பித்தான் நடக்கின்றன. அந்த நம்பிக்கையே நெல்பாவைத் தூங்கவிடாது. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் உடனே வாஷிங்டனுக்கு ஃபோன்: “நம்ம சர்வர் எதுவும் படுத்துடலையே?”

“மழை பேஞ்சாக்கூட நம்ம ஓட்டை வழியாத்தான் ஒழுகுதும்ப நீ” என்பார் வாஷிங்டன்.

போன மார்ச்சில் நிஜமாகவே ஓர் ஓட்டை அகப்பட்டது. வெளியாள் சர்வருக்குள் புகுந்துவிடக்கூடிய பிழை. இருவரும் சோறு தண்ணி மறந்து அதை அடைத்தார்கள். வாஷிங்டன் போதும் என்ற பிறகும் நெல்பாவுக்கு மனசு ஆறவில்லை. சர்வரோடு பழைய முறையில் பேசும் இயந்திரங்கள் எதையும் உள்ளே விடாதபடி ஒரு வரி சேர்த்தார். “எதுக்கும் இருக்கட்டும்.” திருத்தம் வெளியானது; ஓட்டை எங்கே இருந்தது என்ற அறிவிப்பும் கூடவே போனது.

மறுநாள் மத்தியானம் ஃபோன் அடித்தது. தாக்குவாரெம்போ ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்திலிருந்து மாரிசெல் என்ற பெண்.

“அம்மா, உங்க திருத்தத்தப் போட்டதுலேர்ந்து ஒரு ரிசல்ட்டும் வரல. மெஷினோட திரை எப்பவோ செத்துப்போச்சு, கம்ப்யூட்டர்லதான் பார்க்கணும். பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. டாக்டர் கத்துறாரு!”

நெல்பாவுக்குப் புரிந்துவிட்டது. அது பழைய இயந்திரம். அதன் வாயை அடைத்தது அவர் சேர்த்த வரிதான். திருத்தத்தை நீக்கினால் ரிசல்ட் வரும்; ஓட்டையும் திறந்துகொள்ளும். அதை நேற்று உலகத்துக்கே சொன்னவர்களும் இவர்கள்தான்.

“கொஞ்ச நேரம் குடுங்க, சரிபண்ணி அனுப்பு…”

“அந்தப் பொண்ணுக்கு நேரம் இல்லம்மா!”

“நீக்கச் சொல்லு, நெல்பா” என்றார் வாஷிங்டன். “எவன் வர்றான்னு இங்கேர்ந்து பார்த்துக்கலாம்.”

“தப்பு என்னோடது, மாரிசெல். திருத்தத்த எடுத்துடுங்க. திறந்துடுங்க.” இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லாத சொல்.

ஆஸ்பத்திரி சர்வர் இப்போது அவர் திரையில். ஒரு வரி. இரண்டு வரி. எல்லாம் தெரிந்த முகவரிகள். திடீரென்று தெரியாத ஒன்று. வந்தது, போனது, மறுபடியும் வந்தது. திருடனா, சும்மா சுற்றுகிறவனா, யார் கண்டது? நெல்பாவின் விரல் இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தினால் அவனோடு ரிசல்ட்டும் அறுந்துபோகும். அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார்.

“வந்துடுச்சும்மா! வந்துடுச்சு!”

அழுத்தினார்.

வாஷிங்டன் பதிவுகளை மேலும் கீழுமாக இரண்டு முறை படித்தார். “கதவுக் கைப்பிடியத் தொட்டுப் பார்த்திருக்கான். உள்ள வரல. நெல்பா, கேக்குதா? உள்ள வரல.”

மாரிசெல் ஃபோனை வைக்க மறந்து ஓடியிருந்தாள். நெல்பா ஒரு கையால் திருத்தத்திலிருந்து தான் சேர்த்த வரியை மட்டும் அழித்தார். மறு கையில் ஃபோன் காதோடு ஒட்டியிருந்தது. அங்கே எங்கோ கதவு அடிபடும் சத்தம், ஓடும் செருப்புகள், ரத்த வகையை உரக்கச் சொல்லும் யாரோ ஒருவர் குரல். தன் மூச்சு அங்கே கேட்டுவிடாதபடி, ஃபோனின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.