சிலந்திகளை நம்பிய பதினொரு நாள்

என் கணவரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த சின்ன கேமரா அது. சட்டைப் பையில் அடங்கிவிடும். வீட்டு விசேஷங்களில் படம் எடுக்கட்டும் என்றுதான் கொடுத்தார். எல்லோரும் போனிலேயே எடுத்துக்கொண்டதால் அது பீரோவில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா அதை எடுத்து, கிட்டத்தில் எடுப்பதற்கான பூப் படம் போட்ட பொத்தானை அழுத்தி, சமையலறை ஜன்னலில் நின்ற சிலந்தி ஒன்றின் அருகே கொண்டுபோனேன். லென்ஸுக்கும் அதற்கும் ஒரு விரல் அகலம்கூட இல்லை. அந்தச் சிலந்தி ஓடவில்லை. திரையில் பார்த்தால் முகத்தின் நடுவே இரண்டு பெரிய கண்கள், அவற்றுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக இன்னும் சில. எல்லாம் என்னையே பார்த்தன.

நான் மன்னார்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பவள். அங்கே நான் பார்ப்பதெல்லாம் கண்ணாடித் துண்டில் காய்ந்து, சாயம் ஏறியவை. உயிரோடு ஒன்று திரும்பிப் பார்த்தது எனக்குப் புதிதாக இருந்தது. அதன்பிறகு வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் வயல் வரப்பில் குந்தியிருப்பது வழக்கமாயிற்று. அவ்வளவு பக்கத்தில் போனால் ஃபிளாஷ் வெளிச்சத்தை லென்ஸே மறைத்துவிடும். தயிர் டப்பாவை வெட்டி லென்ஸைச் சுற்றி மாட்டியதும் வெளிச்சம் பரவலாக விழுந்தது. மூச்சை அடக்கினால்தான் படம் ஆடாமல் வரும்.

வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டினால் எங்கள் ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகம். கணவர்தான் பார்த்துக்கொள்கிறார். நான் படம் எடுக்கத் தொடங்குவதற்கு முந்தைய வருடம் குறுவை நெல்லுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்தவர், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வேர்த்துக் கொட்டி, வாயில் எச்சில் ஒழுகச் சரிந்தார். கண்ணைப் பிரித்துப் பார்த்தேன். கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மருந்தின் விஷம் உடம்பில் ஏறியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததாலேயே கை கால் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்து எழுந்து வந்தார். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை.

போன மார்கழியில் சம்பா கதிர் விடும் சமயம். பனியில் நனைந்துகொண்டு, பயிரை விலக்கி, தூரடியில் ஓடிய ஒரு தரைச் சிலந்தியைப் படம் பிடித்தேன். முதுகில் கவட்டைபோல் ஒரு கோடு உள்ள சிலந்தி. நல்ல படம் கிடைத்த சந்தோஷத்தோடு பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்ததும் கேமரா திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலந்திக்குப் பின்னால், தெளிவில்லாமல், தண்டோடு ஒட்டிப் பழுப்பாகச் சில புள்ளிகள். மண் தெறித்திருக்கிறது என்று முதலில் நினைத்தேன். அடுத்த படத்தில் அந்தப் புள்ளிகள் இடம் மாறியிருந்தன.

புகையான். தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாறை உறிஞ்சும் பூச்சி. கவனிக்காமல் விட்டால் ஒரே வாரத்தில் வயல் தீப்பிடித்ததுபோல் காய்ந்துவிடும். பஸ்ஸிலிருந்தே கணவருக்குப் போன் செய்தேன்.

"என்னங்க, வயல்ல எறங்கி கொஞ்சம் பாருங்க."

"காலையிலதான பாத்தேன். பயிரு நல்லாதான இருக்கு."

"மேல பாக்காதீங்க. தூர விலக்கிப் பாருங்க."

அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "இருக்கு" என்றார். அன்றைக்கு நான் ஒருவருடைய தட்டணுக்களை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் எண்ணிக்கை விட்டுப்போனது.

கேமரா திரையைப் போனில் படம் பிடித்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்பியிருந்தேன். சாயங்காலம் அவர் பேசினார். "புகையான்தாம்மா. மொதல்ல தண்ணிய வடிங்க. வெளிச்சமும் காத்தும் தூருக்குப் போற மாதிரி பயிர ஒதுக்கி வழி விடுங்க. ஒங்க படத்துல சிலந்தி நெறய தெரியுது. அது நெறய இருந்தா மருந்து இல்லாமயே அடங்கலாம்."

"அடங்கிடுமா சார்?"

"அடங்கலாம்னுதான் சொன்னேன். தெனம் எண்ணுங்க. முடிவு நீங்கதான் எடுக்கணும்."

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் வயலில் இறங்கி இருபது தூரைப் பிரித்துப் பார்த்தோம். பூச்சி எல்லாவற்றிலும் இருந்தது. தண்ணீரில் அது உரித்த தோல் தவிட்டைப்போல் மிதந்தது. பதினேழு தூரில் சிலந்தி இருந்தது. ஒன்று வாயில் புகையானைக் கவ்வியபடியே லென்ஸுக்கு முன்னால் நின்றது. நான் நிமிர்ந்தபோது பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். கணவருக்குப் பங்காளி, வயதில் சின்னவர், என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, என் வயல்லயும் புகையான் இருக்கு. நாளைக்கி மருந்தடிக்க ட்ரோன் வருது. ஒங்களதையும் சேத்து அடிச்சிடலாம். யாரும் டேங்க முதுகுல தூக்க வேணாம். வரப்புல நின்னு பாத்தா போதும்."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்ன சொல்ற?"

விவசாயத்தில் அவர் என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. "அடிச்சா சிலந்தியும் சேந்து சாவும். கொஞ்ச நாள் பாப்போம்" என்றேன். குரல் உறுதியாகத்தான் வந்தது. உள்ளுக்குள் எனக்கு எதுவும் நிச்சயமில்லை. சிலந்திகளைப் பார்த்துச் சொல்கிறேனா, சோற்றுத் தட்டுக்கு முன்னால் சரிந்த அவரை நினைத்துச் சொல்கிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

தண்ணீரை வடித்தோம். எட்டு அடிக்கு ஒரு வழியாகப் பயிரைக் காலால் ஒதுக்கிக்கொண்டே நடந்தோம். என் முழங்கால் வரை நெல் தாள் கீறியது. மறுநாள் பங்காளியின் வயலுக்கு மேல் ட்ரோன் பறந்தது. காற்று எங்கள் பக்கம் அடித்தது. அது போன பிறகு எங்கள் வரப்போரச் சேற்றில் ஏழெட்டுச் சிலந்திகள் காலை மடக்கிக் கிடந்தன. கேமரா கையில் இருந்தும் எடுக்க மனம் வரவில்லை.

நான்காம் நாள் வாய்க்கால் பக்கத்து மூலையில் ஒரு வட்டம் மஞ்சளாயிற்று. ஒரு பாய் விரிக்கும் அளவுதான். அதன் ஓரத்தில் நான்கு குச்சிகளை நட்டு, பழைய சேலைத் துணியைக் கிழித்துக் கட்டினேன். ஐந்தாம் நாள் மஞ்சள் குச்சியைத் தாண்டி ஒரு முழம் போயிருந்தது. ஆறாம் நாள் இன்னொரு முழம். நடுவில் பயிர் பழுப்பாகிப் படுத்துவிட்டது.

பங்காளி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் நேரடியாகவே சொன்னார். "அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. நான் மருந்து அடிச்சும் ஒங்க வயல்லேந்து பூச்சி திரும்ப என் வயலுக்கு வரும். நீங்க அரிசிய கடையில வாங்கிக்கலாம், சம்பளம் வருது. எனக்கு இது மட்டுந்தான்."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் வழியில் இருந்த வயல்களையே பார்த்துக்கொண்டு போனேன். எங்கே மஞ்சள் தெரிந்தாலும் அது எத்தனை பாய் அளவு என்று கணக்குப் போட்டேன்.

ஏழாம் நாள் காலையில் கணவரிடம் சொல்லிவிட்டேன். "எனக்கு முடியல. ட்ரோன்காரர வரச் சொல்லிடுங்க. நான் சொன்னேங்கறதுக்காக வயல விட்ற வேணாம்."

அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அதைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "நீ அன்னைக்கி அடிக்கலாம்னு சொல்லியிருந்தாலும் நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

"ஏன்?"

"அந்த மருந்து வாசன வந்தாலே ஆஸ்பத்திரில கெடந்த நாலு நாளும் ஞாபகம் வருது. அவன் வயல்ல அடிச்சப்ப நான் வீட்டுக்குள்ள போயிக் கதவ சாத்திக்கிட்டேன். இத அவன்கிட்ட சொல்ல முடியுமா? நீ வேணாம்னு சொன்னது எனக்குத் தோதா போச்சு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. ஏழு நாளா நான் செத்துப் பொழைக்கிறேன்."

"நான் மட்டும் நிம்மதியாவா இருக்கேன்?" என்றார்.

ட்ரோன்காரரை நாங்கள் கூப்பிடவில்லை. அன்று முதல் இருவருமாகவே குச்சிகளைப் பார்க்கப் போனோம். பயம் குறையவில்லை, ஆனால் இருவரும் சேர்ந்து பயப்பட்டோம். அவர் தூரைப் பிரித்துப் பிடித்துக்கொள்வார், நான் கேமராவைச் சேற்றுக்கு மேல் நீட்டுவேன். எட்டாம் நாளும் மஞ்சள் நகர்ந்தது, ஆனால் ஒரு சாண்தான். ஒன்பதாம் நாள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது சில தண்டுகளில் பூச்சியே இல்லை. நான் நம்பவில்லை. வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி மறுபடி எடுத்தேன். பத்தாம் நாள் மஞ்சளின் புது ஓரத்தில் வேறு குச்சிகளை நட்டோம். பதினொன்றாம் நாள் மஞ்சள் அந்தக் குச்சிகளுக்கு உள்ளேயே நின்றது. கணவர் நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகும் ஒரு வாரம் நான் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வட்டம் பெரிதாகவில்லை.

அறுவடை மெஷின் தையில் வந்தது. காய்ந்த மூலையில் வைக்கோலாகக்கூட எதுவும் தேறவில்லை. ஒரு வீட்டுக் கூடம் அளவு இடம் அப்படியே போயிற்று. மற்றதெல்லாம் வழக்கம்போல் விளைந்திருந்தது. பங்காளியின் வயலில் ஒரு மூலைகூடப் போகவில்லை. மெஷின் எங்கள் வயலை முடித்துவிட்டு அவருடைய வயலுக்குத் திரும்பியபோது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒங்களுக்குச் சிலந்தியாலதான் நின்னுச்சா அண்ணி?"

"தெரியல தம்பி. தண்ணி வடிச்சதால இருக்கலாம். மேகம் கலைஞ்சு வெயில் வந்ததால இருக்கலாம்."

"நான் அடிக்காம இருந்தாலும் எனக்கு நின்னுருக்குமோ?"

"அதுவும் தெரியல."

அவர் தலையை ஆட்டிவிட்டு மெஷினுக்குப் பின்னால் நடந்தார். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. மெஷின் கிளப்பிய தூசியில் பூச்சிகள் எழுந்து பறக்க, கொக்குகள் அதன் பின்னாலேயே ஓடின. நான் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு ஏறினேன்.