அக்காள் தேறாத பரீட்சை

நான் கழித்தல் கணக்குப் போடுவதில் சர்க்காருக்கு என்ன அக்கறை என்பது எட்டு வயதில் எனக்குப் பெரிய புதிராக இருந்தது. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் இருந்த பனையோலைக் கொட்டகைப் பள்ளிக்கூடத்துக்கு வருஷத்தில் ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிப் படிக்கச் சொல்வார், கணக்குக் கேட்பார், தேறினால் பதிவேட்டில் ஒரு கோடு, தேறாவிட்டால் ஒரு சுழி போடுவார். கோடு விழுந்த தலைக்கு இவ்வளவு என்று வாத்தியாருக்குச் சர்க்கார் பணம் வரும். பெண்பிள்ளை என்றால் கொஞ்சம் கூடுதல். அதை நம்பித்தான் அவர் வீட்டு உலை கொதித்தது. மற்ற மாதங்களில் பிரம்பும் கையுமாக இருக்கும் மனிதர், பரீட்சை நெருங்கினால் எங்களுக்குப் பொரிகடலை வாங்கிக் கொடுப்பார். யாராவது தும்மினால் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

அந்த வருஷம் அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. மூன்றாம் வகுப்பிலேயே கெட்டிக்காரி என் அக்காள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தது. வாத்தியார் அப்பாவிடம் மாட்டுவண்டியைக் கேட்டு வாங்கினார். பெண்ணை அழைக்கப் போகும்போது ஒரு பெண் துணை வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு, சித்தூர்ப் பக்கம் இருந்த அக்காளின் புகுந்த வீட்டுக்குப் போனார்.

அக்காளின் மாமியார் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "பரீட்சை குடுத்து இவ எந்தக் கச்சேரிக்கு உத்தியோகம் பாக்கப் போறாளாமா?"

"ஒரே ஒரு நாளுங்கம்மா. பொழுது உழுகறதுக்குள்ள கொண்டாந்து உட்டர்றேனுங்க" என்றார் வாத்தியார். தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது. என்னை அடிக்கிற கை அங்கே கும்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு ஒரே வேடிக்கை. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை.

ஒருவழியாக அனுப்பினார்கள். வண்டி ஊரைத் தாண்டியது. அக்காள் மெதுவாகக் கேட்டாள். "ஏனுங் வாத்தியாரே, பாஸானா நாலாம் வகுப்புங்களா?"

"நம்ம பள்ளிக்கூடத்துல நாலு எங்க புள்ள இருக்குது? மூணோட சரி. உம் படிப்பு முடிஞ்சுது."

"பாஸாகலீனா?"

"அடுத்த வருசமும் உன்ன இதே பரீட்சைக்குக் கூட்டியாறோணும். நீ எதுக்கு அத நெனைக்கிற? உனக்குக் கோடு உழுந்த மாதிரிதான்."



ஊர் அதிகாரி வீட்டிலிருந்து இரவல் வந்த மேசைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வகுப்பில் என் முறை முதலில் வந்தது. கழித்தல் சரியாக வந்தது, கோடு விழுந்தது. இது சீமைக்குப் போகுமா, ராணி பார்ப்பாளா என்று கேட்க வாய் துடித்தது. வாத்தியாரின் கண்ணைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பிறகு அக்காள் எழுந்தாள். எனக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவள், பாடத்தை வாசிக்கும்போது வரிக்கு வரி தடுக்கினாள். பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு ஒன்பது மாங்காய் கொடுத்தால் மொத்தம் எத்தனை என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சிலேட்டில் தொண்ணூற்றெட்டு என்று எழுதி நீட்டினாள். அவர் இன்னொரு முறை நிதானமாகக் கேட்டார். அவள் அதையே நீட்டினாள். சுழி விழுந்தது. வாத்தியார் திட்டவில்லை. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

அவளைத் திரும்பக் கொண்டுவிடப் போன வண்டியிலும் நான் ஏறிக்கொண்டேன். அக்காள் சுழி வாங்கி நான் கோடு வாங்குவது எத்தனை பிறவிக்கு ஒருமுறை நடக்கும்? வழியெல்லாம் அவளைக் கேலி செய்தேன். "பன்னெண்டு ஒம்பது நூத்தியாறு. இதுகூடத் தெரியாதா?" என்றேன்.

"நூத்தியெட்டு" என்றாள் அக்காள், வெளியே ஓடும் பனைகளைப் பார்த்தபடி.

வண்டியின் முன்னால் இருந்த வாத்தியார் சடக்கென்று திரும்பினார். அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மறுபடியும் மாட்டின் பக்கம் திரும்பிவிட்டார். காலையில் தெரியாத கணக்கு சாயங்காலம் எப்படித் தெரிந்தது என்று நான்தான் அக்காளைத் துளைத்துத் துளைத்துக் கேட்டேன். அவள் என் பின்னலை அவிழ்த்து இறுக்கமாகப் பின்னிவிட்டாள்.

அடுத்த வருஷம் பரீட்சை வந்தது. வாத்தியார் வண்டியைக் கேட்டு வாங்கினார், ஆனால் சித்தூர்ப் பக்கம் போகவில்லை. வேறொரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்த வேறொரு பெண்ணை அழைத்துவந்தார். அக்காள் வரவில்லையா என்று கேட்டேன். "சுழி வாங்கற புள்ளைக்கு நான் யாரு ஊட்டு வாசல்ல போயி நிக்கறது?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது நியாயமாகவே பட்டது.

அக்காளின் நாத்தனார் பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அந்த இரண்டாம் பரீட்சை நாளன்று அக்காள் விடியுமுன்பே சாணம் தெளித்து, மாடு கறந்து, வீட்டு வேலை அத்தனையும் முடித்துவிட்டு, தலைவாரிக்கொண்டு வண்டித்தடத்தில் போய் நின்றாளாம். உச்சிப் பொழுதுக்கு மாமியார் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாளாம்.

அன்றைக்கு நான் மூன்றாம் வகுப்பில் தேறினேன். தேறியதற்கு ஊர் அதிகாரி வீட்டில் கொடுத்த இரண்டு வெல்ல உருண்டைகளையும் நானே தின்றேன்.