கடைசி எண்ணிலிருந்து

அப்பா சூரமங்கலத்தில் டிக்கெட் கலெக்டர். பயணிகளிடம் திரும்ப வாங்கிய அட்டை டிக்கெட்டுகளை அவற்றின் நாலு இலக்க எண் வரிசைப்படி அடுக்கி மேலிடத்துக்கு அனுப்புவது அவர் வேலை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், அடுக்கிய கட்டோடு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். அவர் கைகழுவப் போன நேரத்தில் நான் கட்டைப் பிரித்து, தம்பியைப் பயணியாக்கி ரயில் விட்டேன். எனக்கு ஏழு வயது. ரயில் பிரமாதமாக ஓடியது. இருநூறு டிக்கெட்டுகள் போலக் கூடம் முழுக்கச் சிதறிக் கிடந்தன.

அப்பா அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தாமதத்துக்காக ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருந்தார். கட்டு மூன்று மணி வண்டியில் போகாவிட்டால் அவரை எங்காவது மாற்றிவிடுவார்கள். இருப்பதில் சிறிய எண் எது என்று தேடித் தேடி எடுத்தார். பத்து டிக்கெட் சேர்வதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"நீங்க சாப்புடுங்க. நான் பாத்துக்கறேன்" என்று அம்மா வந்து உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு டிக்கெட்டிலும் கடைசி எண்ணை மட்டும் பார்த்துப் பத்துக் குவியலாகப் பிரித்தாள். பின்னால் வருவதை அடியில் செருகினாள்.

"கடைசி நம்பரப் பாத்து அடுக்குனா எப்பிடிடீ வரும்?"

"வருமுங்க. சாயப்பட்டறையில நூல்கட்டுச் சீட்டெல்லாம் இப்பிடித்தான் அடுக்குவேன்."

பூச்சியக் குவியலில் தொடங்கி எல்லாவற்றையும் ஒரே கட்டாக்கினாள். மறுபடி, கடைசிக்கு முந்தைய எண்ணைப் பார்த்துப் பத்துக் குவியல். பிறகு அதற்கும் முந்தையது. மூன்று முறை முடிந்தும் எல்லாம் தாறுமாறாகவே இருந்தது. நான் தேம்பத் தொடங்கினேன்.

"அழுவாத சாமி. இன்னம் ஒருக்கா."

நான்காம் முறை முதல் எண்ணைப் பார்த்துப் பிரித்துச் சேர்த்தாள். அப்பா எச்சில் கையோடு குனிந்து பார்த்தார். அத்தனையும் ஏறுவரிசையில், ஒரு பிசகும் இல்லாமல் நின்றன. சாமி வந்தவளைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்த்தேன். அப்பா கட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

பல வருடம் கழித்து, கம்ப்யூட்டரில் எண்களை வரிசைப்படுத்தப் படித்தபோது இதே முறை பாடத்தில் வந்தது. பூச்சியம் முதல் ஒன்பது வரை வரிசை தெரிந்தால் போதும், எந்த இரண்டு எண்ணிலும் எது பெரிது என்று ஒப்பிடவே வேண்டாம் என்று போட்டிருந்தது. படித்ததும், டிக்கெட் சிதறிய நாளின் மாலை நினைவுக்கு வந்தது.

அன்று மாலை தம்பியின் சட்டைப்பையில் இரண்டு டிக்கெட்டுகள் வேறு அகப்பட்டன. அவற்றை அம்மாவிடம் நீட்டி, "இதுல எதும்மா பெரிசு?" என்று கேட்டேன். அவள் இரண்டையும் வெகுநேரம் பார்த்தாள்.

"உங்கப்பாவக் கேளு சாமி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அவ்வளவு பெரிய கெட்டிக்காரி என்னிடம் விளையாடுகிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.