அத்தை கட்டிய கடலடி

கடலுக்கு அடியில் தரை எப்படி இருக்கும் என்பது எங்கள் அத்தைக்கு அத்துப்படி. கடலைத்தான் அவள் பார்த்ததில்லை.

சிறு வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள், படித்து, விளாங்குடிப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியாரம்மாவாக இருந்தாள். தங்கை வேலைக்குப் போவது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரு வந்துட்டுப் போகட்டும். பெறகு நீ போகணுமா, வீட்டோட இருக்கணுமான்னு நான் சொல்றேன்" என்றுவிட்டார்.

இன்ஸ்பெக்டருக்குக் காட்டுவதற்காகப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழி வெட்டி, கண்மாய்க் களிமண்ணில் அத்தை கடலடியைக் கட்டினாள். கரையை ஒட்டி ஆழமில்லாத மேடை, அங்கிருந்து சட்டென்று ஒரு சரிவு, பிறகு பரந்த சமவெளி, நடுவில் நாகமலை போல நீண்டு கிடக்கும் மலைத்தொடர், ஓரத்தில் என் கை முழுதும் உள்ளே போகிற அகழி. கடலுக்குள் இம்புட்டு இருக்கிறதா என்று வகுப்பே வாயைப் பிளந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்று பக்கத்து வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியப்பா எட்டிப் பார்த்தார். என்ன கோபம் இருந்தாலும் தங்கை நாலு பேர் முன்னால் தலைகுனிய விடுவாரா? "கடலுங்கிற, சொட்டுத் தண்ணி இல்லையே!" என்று வாய்க்காலைக் குழிக்குள் வெட்டிவிட்டார். அத்தை ஓடி வருவதற்குள் மலையும் அகழியும் கலங்கல் தண்ணீருக்குள் போய்விட்டன. அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டரும் வந்து நின்றார்.

"என்னம்மா இது, குட்டையா?"

அத்தை அடுத்த நொடியே ஒரு சணல் கயிற்றில் கல்லைக் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே விட்டுப் பாருங்கய்யா. கப்பல்காரங்களும் அடித்தரையக் கண்ணால பாக்கல. இப்பிடிக் கயித்த விட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கரையோரம் கயிறு கொஞ்சம் இறங்கி நின்றது. தள்ளி விட்டால் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் கல் மேலேயே தட்டியதும், "நடுக்கடல்ல மலையா!" என்று சிரித்தார். அத்தையின் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அவளைப் போன்ற கெட்டிக்காரி மதுரைச் சீமையிலேயே கிடையாது என்று நான் குதித்தேன்.

சாப்பிடும்போது பெரியப்பா மீசையை நீவிக்கொண்டார். "நான் மட்டும் தண்ணி விடலேன்னா என்னாயிருக்கும்?"

"ஆமாண்ணே, எல்லாம் ஒங்களாலதான்" என்றாள் அத்தை, குழம்பை ஊற்றியபடி. "நாளைக்குப் போகட்டுமாண்ணே?"

"போ, போ. அங்க ஒன்னைய விட்டா யாரு இருக்கா?"

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. கயிறு கட்டியவள் ஏன் இப்படிப் பொய் சொல்கிறாள்? இன்ஸ்பெக்டர் சொன்ன பிறகும் அண்ணன் சம்மதம் என்று ஒன்று பாக்கி இருந்ததும், அதை அவள் அந்த ஒரு வார்த்தையில் வாங்கிக்கொண்டதும் எனக்கு அன்று புரியவில்லை.