கீழ் அறையில் ஒரு நீண்ட சுஜூது

தெருவே கிளட்ச் அக்கா என்று கூப்பிடும் அந்த டிரைவிங் டீச்சர் பெண்களுக்கு மட்டும்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். புருஷன்மார் சொல்லிக் கொடுத்துக் கெடுத்து வைத்திருப்பதைச் சரிசெய்யவே முதல் வாரம் போய்விடும். பக்கத்து சீட்டில் இருந்தபடி "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக் கத்தி வாங்கிய பெயர் அது. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வகுப்பு கிடையாது, பள்ளிவாசலுக்குப் போவாள். ஆண்களுக்கு மேலே பெரிய ஹால். பெண்களுக்குக் கீழே, செருப்பு ஷெல்ஃபுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில் ஓர் அறை. இமாம் என்று ஒருவர் இருக்கிறார் என்பதற்குப் பெண்களுக்கு ஒரே சாட்சி சுவரில் மாட்டிய ஸ்பீக்கர்தான். அதைப் பேரம் பேசி அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்தவர் கமிட்டிச் செயலாளர், அதாவது அவள் கணவர். அந்தச் சாமர்த்தியத்தை வீட்டில் அடிக்கடி சொல்லிக் காட்டுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி சுஜூது. எல்லோர் நெற்றியும் தரையில். ஸ்பீக்கர் ஒருமுறை கரகரத்துவிட்டு உயிரை விட்டது.

இமாமுக்கு முன்னால் தலையைத் தூக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். அவர் எழுந்தாரா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? கிடந்தார்கள். தலைக்கு மேல் ஆண்கள் கலைந்து போகும் காலடிச் சத்தம் கேட்டது. அப்போதும் கிடந்தார்கள். வாசலில் செருப்புத் தேடும் சத்தம், யாரோ மைத்துனரைச் சாப்பிடக் கூப்பிடும் சத்தம் எல்லாம் கேட்டது. அசையவில்லை. பக்கத்தில் மாமியார் மூச்சு வாங்குவது காதில் விழுந்ததும் கிளட்ச் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அல்லாஹு அக்பர்" என்று உரக்கச் சொல்லித் தலையைத் தூக்கினாள். அறை முழுக்க எழுந்து உட்கார்ந்தது. மீதித் தொழுகையையும் அவளே சொல்லி முடித்து வைத்தாள்.

மறுநாள் கமிட்டி கூப்பிட்டது. தலைவர் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர், எதையும் ஆணி அடித்த மாதிரிதான் பேசுவார்.

"பொம்பளை குரல் குடுத்துத் தொழ வெக்கலாமாம்மா? இன்னைக்குக் குரல் குடுப்பீங்க, நாளைக்கு மேல வந்து நிப்பீங்க."

"வந்தா என்ன?"

"ஆம்பளைங்க கவனம் சிதறும்."

அவள் இமாம் பக்கம் திரும்பினாள். "ஹஜ்ரத், பார்வையைத் தாழ்த்திக்கச் சொல்லி வேதத்துல முதல்ல யாருக்கு வந்திருக்கு?"

இமாம் பொய் சொல்லத் தெரியாதவர். கமிட்டிக்கு அவரால் எப்போதும் இதே தலைவலிதான். "ஆம்பளைங்களுக்குத்தான்" என்றார். "அடுத்த வசனம்தான் பொம்பளைங்களுக்கு."

"நபி காலத்துப் பள்ளிவாசல்ல நடுவுல சுவர் இருந்துச்சா?"

"இல்லம்மா. பின்னாடி வரிசையில நின்னு தொழுதாங்க."

"ஹஜ்ரத், நீங்க டீ குடிங்க" என்றார் தலைவர்.

இமாம் டீ குடித்து முடிப்பதற்குள் தீர்மானம் ஆகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை எல்லாப் பெண்கள் முன்னாலும் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கீழ் அறைக்குப் பூட்டு.

திரும்பும்போது காரை அவள் ஓட்டினாள். கணவர் பக்கத்தில் இருந்தார்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயேன். என் மானம் போகுது."

"நான் சொன்னது அல்லாஹ் பெரியவன்னு. அதுக்கு எப்படிங்க மன்னிப்புக் கேக்கிறது?"

அவர் சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, அவளுக்கு உள்ளூரப் பயம். மாமியார் வாரத்தில் வெளியே வருவதே அந்த ஒரு தொழுகைக்குத்தான். பாதிப் பெண்களுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேறு சாக்கே கிடையாது. தன் ரோஷத்துக்கு இத்தனை பேரைப் பலி கொடுக்கிறோமோ என்று வாரமெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் வியாழக்கிழமை கணவரிடம், முடியாது என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கீழ் அறைக் கதவில் பூட்டு தொங்கியது. ஹார்டுவேர் கடைப் பூட்டு, நல்ல தரம்.

"எல்லாம் உன் வாயால வந்தது. இப்ப எங்க போய்த் தொழறது?" என்றாள் மாவு மில்காரி.

கிளட்ச் அக்கா பூட்டை இழுத்துப் பார்த்தாள். மாமியார்தான் பேசினார். "போன வாரம் இவ வாயைத் தொறக்கலேன்னா நான் இன்னும் அங்கதான் கிடப்பேன். மேல பூட்டு போட்டிருக்கானுங்களான்னு பாருங்கடி."

போடவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலைப் பூட்ட முடியுமா? மாமியார் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினார். மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள். மாவு மில்காரியும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள்.

ஹாலின் பின்பாதி கம்பளம் காலியாகவே கிடந்தது. ஆண்களின் கடைசி வரிசையில் அவள் கணவர் நின்றிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பியவர் முதலில் தன் அம்மாவைப் பார்த்தார், பிறகு அவளை. உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டு முன்பக்கம் திரும்பிவிட்டார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இமாம் தொழுகையை ஆரம்பித்துவிட்டார். தொழுகையில் நின்றுவிட்டால் தலைவரானாலும் பேச முடியாது.

கிளட்ச் அக்கா கைகளைக் கட்டிக்கொண்டாள். தோள்களுக்கு நடுவே இமாமின் முதுகு தெரிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் பின்னால்தான் தொழுகிறாள், தொழுகையில் அவரை ஒருநாளும் பார்த்ததில்லை. காலர் ஒரு பக்கம் மடங்கிய, சாதாரண முதுகு. அழுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவள் அழுதாள்.